எதிர்வீட்டுக்கும் சேர்த்து ஒரு வைஃபை

"அண்ணே, பழைய பேரையும் பழைய பாஸ்வேர்டையும் அப்படியே போட்டுருங்க. வீட்ல இருக்கற எல்லாம் தானா சேந்துக்கும். உங்களுக்கு வேலை மிச்சம்."

புது ரௌட்டரைப் பொருத்த வந்த தம்பி கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போன யோசனை இது. நல்ல பையன். சனிக்கிழமை காலையில் வந்து அரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அப்படிச் செய்தால் டிவி, பிரிண்டர், அம்மாவின் வானொலி எதையும் தொடவே வேண்டாம். நானும் சரி சரி என்று தலையாட்டினேன். அவர் லிஃப்டில் இறங்கிய பிறகுதான் உறைத்தது. 2018லிருந்து அந்தப் பாஸ்வேர்டை யார் யாருக்குக் கொடுத்திருக்கிறேன்?

எனக்கு லிஃப்ட் பராமரிப்பு வேலை. இருபத்திரண்டு வருடமாக புளோக் புளோக்காக ஏறி இறங்குகிறேன். எங்கள் கம்பெனியில் மோட்டார் ரூம் சாவியை எடுத்தால் பதிவேட்டில் பெயர், நேரம், கையெழுத்து. திருப்பி வைத்தால் மறுபடியும் கையெழுத்து. சாவி தொலைந்துவிட்டால் அதைத் தேடி நேரத்தை வீணாக்குவதில்லை, பூட்டை மாற்றிவிடுவோம். வேலையிடத்தில் இவ்வளவு கறாராக இருக்கிற நான், வீட்டு வைஃபை சாவியைக் கேட்டவர்களுக்கெல்லாம் வாயால் சொல்லியே கொடுத்திருக்கிறேன். தீபாவளிக்கு வந்த மச்சான் குடும்பம், பிள்ளைகளின் நண்பர்கள், ஏர்கான் சர்வீஸ் செய்ய வந்தவர். எல்லாருக்கும்.

அந்தப் பாஸ்வேர்டு என் போன் நம்பர்தான். சிரிக்காதீர்கள். நம் சிங்கப்பூரில் போன் நம்பருக்கு எட்டு இலக்கம். வைஃபை பாஸ்வேர்டுக்கும் குறைந்தது எட்டு எழுத்து வேண்டும் என்று ரௌட்டர் கேட்கும். சொல்லிவைத்த மாதிரி இரண்டும் பொருந்தும்போது வேறு எதை யோசிக்கத் தோன்றும்? திங்கட்கிழமை வேலையிடத்தில் விசாரித்தேன். மூன்று பேர் அதையேதான் வைத்திருக்கிறார்கள். ஒருவர் மட்டும் கொஞ்சம் விவரமாக, தன் நம்பருக்குப் பதில் மனைவியின் நம்பர்.

எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி எண்கள். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் இங்கே கைப்பேசி எண் 8 அல்லது 9ல்தான் தொடங்கும் என்பது ஊருக்கே தெரியும், ஆகவே அது இரண்டு கோடியாகச் சுருங்கிவிடுகிறது. டபிள்யூபிஏ2 என்ற வைஃபைப் பாதுகாப்பு முறையில் ஒரு போன் ரௌட்டரோடு சேரும்போது இரண்டுக்கும் இடையே நான்கு செய்திகள் காற்றில் போகும். அவற்றைப் பிடித்து வைத்துக்கொண்டவன் அப்புறம் உங்கள் வாசலில் நிற்க வேண்டியதில்லை. தன் அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்க்கலாம். கேம் விளையாட வாங்கிய கம்ப்யூட்டரின் கிராஃபிக்ஸ் கார்டுக்கு இரண்டு கோடி என்பது சில நிமிட வேலை. என் விஷயத்தில் அந்தச் சிரமமும் தேவையில்லை. வைஃபைக்கு நான் வைத்திருந்த பெயரே எங்கள் மாடி எண்ணும் வீட்டு எண்ணும். போன் நம்பரோ, வாசலில் கிடக்கும் பார்சல்கள் எல்லாவற்றின் மேலும் அச்சாகியிருக்கும்.

சரி, பழசைத் தூக்கிப்போடுவதற்கு முன் அதன் வயிற்றுக்குள் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று லேப்டாப்பில் ரௌட்டரின் முகவரியான 192.168.1.1ஐ அடித்தேன். உள்ளே நுழையப் பெயர் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். வைஃபை பாஸ்வேர்டு வேறு, ரௌட்டரின் உள்ளே போய் எல்லாவற்றையும் மாற்றுகிற பாஸ்வேர்டு வேறு. இது தெரியாதவர்கள் நிறையப் பேர், நானும் அதில் ஒருவனாகத்தான் இருந்தேன். முதலாவது வீட்டுக்குள் வரும் சாவி என்றால் இரண்டாவது பூட்டையே கழற்றும் சாவி. அதை ஏழு வருடம் கம்பெனி வைத்தபடியே விட்டிருக்கிறேன்.

இன்று கடையில் அப்படி ஒரு ரௌட்டரை வாங்க முடியாது. 2021 ஏப்ரல் 13லிருந்து சிங்கப்பூரில் விற்கும் வீட்டு ரௌட்டர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பாஸ்வேர்டு இருக்க வேண்டும், பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாக இறக்கிக்கொள்ள வேண்டும் என்று தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் விதித்துவிட்டது. பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் இணையப் பாதுகாப்பு முத்திரையும் 2020 அக்டோபரில் தொடங்கியதுதான், நான்கு நிலைகள். ஃப்ரிட்ஜ் வாங்கும்போது மின்சாரச் சிக்கனத்துக்கு எத்தனை டிக் என்று பார்க்கிறோமே, அந்த மாதிரி. என் பழைய பெட்டி இதற்கெல்லாம் முந்தியது. அதற்குத் திருத்தம் கடைசியாக எப்போது வந்தது என்று பார்த்தேன். நாலு வருடமாக ஒன்றும் இல்லை. நன்றாகத்தானே ஓடுகிறது என்று விட்டுவிட்டேன். லிஃப்டிலும் இதே வசனத்தைத்தான் குடியிருப்பாளர்கள் சொல்வார்கள்.

டபிள்யூபிஎஸ் என்ற ஒன்றும் அதில் திறந்தே இருந்தது. ரௌட்டரின் அடியில் எட்டு இலக்கத்தில் ஒரு பின் எண் ஒட்டியிருக்கும், பாஸ்வேர்டுக்குப் பதிலாக அதைப் போட்டாலும் சேரலாம். இதில் இருக்கும் ஓட்டை எனக்கு ரொம்பப் பிடித்தமானது, ஏனென்றால் எண் பூட்டு போட்ட பெட்டி வைத்திருப்பவனுக்கு உடனே புரியும். எட்டாவது இலக்கம் முதல் ஏழிலிருந்து கணக்கிட்டு வருவது, அதை ஊகிக்க வேண்டியதில்லை. மிச்சம் ஏழு, அதாவது ஒரு கோடி. ஆனால் ரௌட்டர் அந்த எண்ணை மொத்தமாகச் சரிபார்ப்பதில்லை. முதல் நான்கு தப்பு என்றால் அங்கேயே தப்பு என்று சொல்லிவிடும். எண் பூட்டில் ஒவ்வொரு சக்கரமும் சரியான இடத்துக்கு வந்ததும் 'டிக்' என்று சத்தம் கொடுத்தால் எப்படி இருக்கும்? முதல் பாதிக்குப் பத்தாயிரம், இரண்டாம் பாதிக்கு ஆயிரம். ஒரு கோடி என்பது வெறும் பதினோராயிரமாகச் சுருங்கிவிட்டது. 2011 டிசம்பரில் இதை ஸ்டெஃபான் ஃபீபெக் என்பவர் வெளியிட்டார். புது ரௌட்டரில் நான் முதலில் அணைத்தது இதைத்தான்.

அப்புறம் எண்ணிக்கை. பழைய ரௌட்டரில் அந்த நேரத்தில் சேர்ந்திருந்தவை 27.

ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஐந்து பேருக்கு ஐந்து போன். என் லேப்டாப், மனைவியின் அலுவலக லேப்டாப், மகள் உயர்நிலைப் பள்ளியில் வாங்கியது, மகனின் ஐபேட். டிவி, அதற்கு ஒரு பெட்டி, பிரிண்டர், கேம் பெட்டி, அம்மாவின் வானொலி, ஹாலில் கேமரா, தரை கூட்டுகிற ரோபோ, இரண்டு ஸ்மார்ட் பிளக். மொத்தம் 18.

எழுதச் சுலபம், கண்டுபிடிக்க ஒரு மத்தியானமே போனது. பட்டியலில் "அப்பாவின் போன்" என்றெல்லாம் இருக்காது. ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு எழுத்தில் ஒரு மேக் முகவரி, முதல் ஆறு எழுத்து அதைத் தயாரித்த நிறுவனத்தைக் குறிக்கும். எஸ்பிரெசிஃப் என்று வந்ததும் சைனாவிலிருந்து ஏதோ ஊடுருவல் என்று மகன் குதித்தான். விலை மலிவான ஸ்மார்ட் பிளக்குகளுக்குள் இருக்கும் சில்லைச் செய்கிற கம்பெனி அது. எங்கள் மீன் தொட்டி விளக்கு. போன்கள் இன்னும் மோசம். இப்போதெல்லாம் அவை ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் முகவரியைக் கொடுக்கின்றன, யாரும் பின்தொடரக் கூடாது என்பதற்காக. முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ ஆகிய நான்கில் ஒன்று என்றால் பொய் முகவரி என்று தெரிந்துகொள்ளலாம். யாருடையது என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, ஒவ்வொருவர் போனாக வைஃபையை அணைக்கச் சொல்லி எது மறைகிறது என்று பார்ப்பது. "மா, அணை." "அணைச்சுட்டேன்." "இது இல்ல, போடு." இப்படியே போனது.

மிச்சம் ஒன்பது.

அதில் பெரும்பங்கு எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். எதிர்வீட்டில் ஒரு மலாய் அம்மா இருக்கிறார், நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுவோம். 2020 ஏப்ரலில் சர்க்கிட் பிரேக்கர் என்ற கோவிட் முடக்கம் தொடங்கி, பிள்ளைகளுக்கெல்லாம் வீட்டிலிருந்தே பாடம் என்று அறிவித்தபோது அவர் வீட்டில் இணைய இணைப்பே இல்லை. போன் டேட்டாதான். பேரன் அந்த வருடம் தொடக்கநிலை ஆறு, பிஎஸ்எல்இ இறுதித் தேர்வு. பேத்தி சின்னவள். இரண்டு பேரும் எங்கள் வாசலுக்கு வெளியே காரிடாரில் பாயைப் போட்டு உட்கார்ந்து பாடம் படித்ததை என் மனைவி பார்த்துவிட்டு, ஒரு மஞ்சள் சீட்டில் பாஸ்வேர்டை எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். இரண்டு கதவுக்கும் நடுவே எட்டு அடி. சிக்னல் அருமையாகப் போகும். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒண்டே ஒண்டே பலகாரம் வராத ஹரிராயா கிடையாது.

பேரன் இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறான்.

அன்று சாயங்காலம் நான் போய்க் கதவைத் தட்டினேன். எப்படிக் கேட்பது என்று இரண்டு முறை ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் போனேன். அம்மா வேறு பின்னாலிருந்து, "குடுத்தத போயி கணக்கு கேக்குறியாடா?" என்று ஒரு குத்து. கணக்குக் கேட்கவில்லை, எண்ணிக்கைதான் கேட்கிறேன் என்று மக்சிக்கிடம் என் ஓட்டை மலாயில் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே பேரனைக் கூப்பிட்டார். அவர்கள் வீட்டில் ஆறு. பையன் நேர்மையானவன், கேட்காததையும் சொன்னான். கீழ்மாடியில் இருக்கும் நண்பனுக்கும் ஒரு காலத்தில் பாஸ்வேர்டைக் கொடுத்திருக்கிறான், இருவரும் சேர்ந்து கேம் விளையாட. ஆக ஏழு.

எனக்குக் கோபம் வரவில்லை, ஆனால் வயிற்றில் ஏதோ செய்தது. அந்தக் கீழ்மாடிப் பையனை நான் லிஃப்டில் பார்த்திருக்கலாம், பெயர் தெரியாது. அவன் என் இணைப்பில் ஏதாவது ஏடாகூடமாகச் செய்தால் விசாரணை முதலில் வந்து நிற்பது யார் பெயரில் பில் வருகிறதோ அவர் வாசலில். மறுபக்கமும் உண்டு. நம் ஊரில் அடுத்தவர் வைஃபையை அனுமதியில்லாமல் பயன்படுத்துவது குற்றம். 2006 கடைசியில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் பக்கத்து வீட்டு வைஃபையில் சேர்ந்ததற்காகக் கணினி முறைகேட்டுச் சட்டத்தின்கீழ்க் குற்றஞ்சாட்டப்பட்டான். அதிகபட்சம் மூன்று வருடச் சிறை, 10,000 வெள்ளி அபராதம் வரை போகக்கூடிய குற்றம். 2007 ஜனவரியில் பதினெட்டு மாத நன்னடத்தைக் கண்காணிப்போடு விட்டார்கள். மக்சிக் வீட்டுக்கு நாங்களே கொடுத்தோம், அதில் பிரச்சினை இல்லை. கீழ்மாடிப் பையனுக்கு யார் அனுமதி கொடுத்தது? ஒரு சாவி தானே குட்டி போட்டிருக்கிறது.

எட்டாவது, மகன் மேசை இழுவறைக்குள் சார்ஜில் போட்டு வைத்திருந்த என் பழைய போன். அதில் எதற்கு என்று கேட்டேன், "அலாரத்துக்குப்பா" என்றான். அலாரத்துக்கு வைஃபை எதற்கு என்று நான் மேற்கொண்டு கேட்கவில்லை. அதை அவன் அம்மா பார்த்துக்கொண்டாள்.

ஒன்பதாவது யார் என்று தெரியவில்லை. பொய் முகவரி. சிக்னல் பலவீனம்.

அதோடு பூட்டை மாற்றுவது என்று முடிவாகிவிட்டது. புதுப் பெயர், புதுப் பாஸ்வேர்டு. பெயரில் மாடி எண் கிடையாது. பெயரை மறைத்து வைக்கச் சொல்லி வேலையிடத்தில் ஒருவர் யோசனை சொன்னார். அதனால் ஒரு பலனும் இல்லை, ஏற்கனவே சேர்ந்த போன் போகிற இடமெல்லாம் அந்தப் பெயரைக் கூவிக்கொண்டே போகும். மேக் முகவரியை வைத்து இன்னாருக்குத்தான் அனுமதி என்று வடிகட்டுவதும் அப்படித்தான். முகவரியைப் போலி செய்வது போன்களே தினமும் செய்கிற வேலை என்று மேலே பார்த்தோமே.

பாஸ்வேர்டுக்கு அம்மா முருகன் பெயரைச் சொன்னார், கூடவே 123. மகளின் யோசனை நன்றாக இருந்தது. அவளுடைய தமிழ்ப் பாடநூலைக் கண்ணை மூடிக்கொண்டு நான்கு இடத்தில் திறந்து, விரல் பட்ட நான்கு சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினோம். என்ன சொற்கள் என்று சொல்லமாட்டேன். கூரை, தவளை, கடன், பனி என்பது போல ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்கும். அம்மாவுக்குக்கூட இரண்டாம் நாள் மனப்பாடமாகிவிட்டது. 'ழ'வை எப்படி எழுதுவது என்பதில் மட்டும் வீட்டில் ஒரு சின்னச் சண்டை.

டபிள்யூபிஏ3 என்று வைத்தேன். 2018ல் வந்த முறை, ஒவ்வொரு ஊகத்துக்கும் ரௌட்டரிடமே வந்து கேட்டாக வேண்டும், பிடித்துக்கொண்டுபோய் வீட்டில் உட்கார்ந்து போட்டுப் பார்க்கிற வேலை நடக்காது. வைத்த ஐந்தாவது நிமிடம் ரோபோ செத்தது. மீன் தொட்டி விளக்கும். இந்த மாதிரிச் சின்னச் சாமான்கள் பலவற்றுக்கு டபிள்யூபிஏ3 புரியாது, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை தவிர வேறெதுவும் தெரியாது. இவற்றுக்காக வீட்டுக்கே பூட்டைத் தளர்த்துவதா என்று யோசித்து, விருந்தாளிகளுக்கென்று ரௌட்டரில் இருக்கும் தனி வைஃபையைத் திறந்தேன். அது 2.4ல், டபிள்யூபிஏ2. அதில் சேர்பவை வெளியே இணையத்துக்குப் போகலாம், எங்கள் லேப்டாப்பையோ பிரிண்டரையோ எட்டிப் பார்க்க முடியாது. ரோபோ, பிளக், கேமரா மூன்றையும் அங்கே தள்ளினேன். 2020ல் இங்குள்ள வீட்டுக் கேமராக்களின் காட்சிகள் இணையத்தில் விற்பனைக்கு வந்ததாகச் செய்தி வந்ததிலிருந்தே ஹால் கேமரா எனக்கு உறுத்தல்தான். அம்மா விழுந்துவிட்டால் தெரியவேண்டும் என்று வைத்தது. அதற்கும் புதுப் பாஸ்வேர்டு போட்டேன். நாங்கள் வீட்டில் இருக்கும் நேரத்தில் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுவது என்று அம்மாவோடு ஒப்பந்தம்.

மக்சிக் வீட்டுக்கும் விருந்தாளி வைஃபைதான். கொஞ்சம் யோசித்தேன், ரோபோக்களோடு அவர்களையும் சேர்ப்பதா என்று. நல்லவேளையாக இந்த ரௌட்டரில் அப்படி மூன்று வைக்கலாம். அவர்களுக்குத் தனியாக ஒன்று, 5 கிகாஹெர்ட்ஸில், அவர்களுக்கென்று ஒரு பாஸ்வேர்டு. கியூஆர் கோடாக அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பேரனிடம், நண்பனுக்கு வேண்டுமென்றால் நண்பனே வந்து என்னிடம் கேட்கட்டும் என்றேன். வந்தான். பெயர் சொன்னான், வீட்டு எண் சொன்னான், பயிற்சிப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். இப்போது லிஃப்டில் பார்த்தால் "அங்கிள்" என்கிறான்.

ரௌட்டரை எங்கே வைப்பது என்பதிலும் ஒரு பழைய தப்பைத் திருத்தினேன். 1997ல் சட்டம் வந்த பிறகு கட்டிய வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகள் பெரும்பாலானவற்றில் பாம் ஷெல்டர் இருக்கிறது, நாம் அரிசி மூட்டையும் பழைய மின்விசிறியும் போட்டு வைக்கிற அதே அறை. எங்கள் வீட்டில் ஃபைபர் வந்து முடிவதும் அதற்குள்தான். கம்பி கட்டிய கனமான காங்கிரீட், இரும்புக் கதவு. குண்டைத் தடுக்கக் கட்டிய சுவர் வைஃபையை மட்டும் விட்டுவிடுமா? ஏழு வருடம் ரௌட்டரை உள்ளே வைத்து, கதவைத் திறந்து போட்டு, படுக்கையறைக்குச் சிக்னலை நீட்டித்துக் கொடுக்கும் ஒரு ரிப்பீட்டர் வாங்கி மாட்டி அல்லாடினோம். கடையில், வீடு முழுக்கச் சிக்னலைப் பரப்பும் மூன்று பெட்டி மெஷ் செட் ஒன்றைத் தலையில் கட்டப் பார்த்தார்கள். தொண்ணூறு சதுர மீட்டர் நாலறை வீட்டுக்கு மூன்று பெட்டியா? சுவருக்குள் ஏற்கனவே லேன் கேபிள் ஓடுகிறது, ஷெல்டரிலிருந்து ஹால் வரைக்கும். ஃபைபர் பெட்டியை உள்ளேயே விட்டுவிட்டு, ரௌட்டரை மட்டும் அந்தக் கேபிளின் மறுமுனையில் டிவிக்குப் பக்கத்தில் வைத்தேன். செலவு ஒரு ஆறு வெள்ளி, இரண்டு சின்ன வயருக்கு. ரிப்பீட்டர் இப்போது ஷெல்டரில் மின்விசிறியோடு படுத்திருக்கிறது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த மூன்றாவது நாள், அம்மா சாப்பாட்டு மேசையில் ரொம்ப அமைதியாக இருந்தார். என்னம்மா என்றேன். "ஒலி 96.8க்கு என்னாச்சுப்பா? ரெண்டு நாளா ஒண்ணுமே வரல. மூடிட்டாங்களா?" எல்லாவற்றையும் எழுதினேன், திரை இல்லாத அந்த வானொலிப் பெட்டிக்குப் புதுப் பாஸ்வேர்டு கொடுக்க மறந்துவிட்டேன். கொடுத்ததும் செய்தி வாசித்துக்கொண்டிருந்த குரல் நடு வாக்கியத்திலிருந்து கிளம்பியது. அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே.

பயிற்சிப் புத்தகம் இப்போது மின்பெட்டிக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. 26 வரிக்கு எதிரே டிக். 27வது வரியில் அந்தப் பொய் முகவரி மட்டும். மூன்று வாரமாகிறது, புதுப் பாஸ்வேர்டு கேட்டு இன்னும் யாரும் கதவைத் தட்டவில்லை.